முப்பது மைக்ரான் இரவு

கல்லை வெங்காயத் தோலாக அரைப்பது என் வேலை.
பாளையங்கோட்டை, கல்லூரியின் பின்கட்டு,
ஜெனரேட்டருக்கு அடுத்த அறை.
முப்பது மைக்ரான் வந்துவிட்டால்
எந்தப் பாறையும் வெளிச்சத்தை உள்ளே விடும்.
வள்ளியூர்ப் பக்கத்துச் சார்னோகைட்டை
மைக்ராஸ்கோப்பில் குறுக்குத் தகடுகளுக்கு நடுவே திருப்பினால்
ஆனித் திருவிழா ராட்டினம்தான்:
மஞ்சள், ஊதா, செம்பு.

சித்லாலி கொண்டுவந்த கல் மட்டும்
எப்படித் திருப்பினாலும் கறுப்பு.

நம் தேரிச் சில்லுகளை எப்படி உடைத்தார்கள் என்று
ஒப்பிட்டுப் பார்க்க
மெக்சிகோவிலிருந்து ஒரு சில்லு.
எரிமலைக் குழம்பு அவசரமாக ஆறியதில்
படிகமாக நேரம் கிடைக்காத கண்ணாடி.
"இட்ஸ்ட்லி" என்றாள்.
ரெண்டாம் தடவையும் எனக்கு இட்லி என்றே கேட்டது.
முப்பிடாதியக்கா டீத் தம்ளரை
மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தாள்.

ட், ல் ரெண்டையும்
ஒரே எச்சிலில் விழுங்க வேண்டுமாம்.
கல்லுக்கு தெத்ல்.
சாமிக்கு தெயோத்ல்.
நடுவே ஒரு யோ தான் வித்தியாசம்,
ஆனாலும் உறவில்லை, நம்பிவிடாதே என்றாள்
நான் நம்பத் தொடங்கும் முன்பே.

அந்த மொழியை
இருபத்தேழு வயதில் பீஸ் கட்டிப் படித்தாளாம்.
"பேரை மட்டும் அம்மா இனாமாகத் தந்தாள்.
சித்லாலி என்றால் விண்மீன்."

லென்சில் மறுபடி குனிந்தேன்.
ஒரு வெள்ளிகூட முளைக்காத ராத்திரி.

ஞாயிற்றுக்கிழமை இட்டமொழித் தேரிக்குப் போனோம்.
ஊர்ப் பேருக்கு அர்த்தம் கேட்டாள்.
வைத்த மொழி என்றும் சொல்லலாம்,
பிடித்த மொழி என்றும்.
"யார் வைத்தது?"
எனக்குத் தெரியாது. காதுக்குள் செம்மண் போயிருந்தது.

சப்பாத்திக்கள்ளியைக் கண்டதும் ஓடினாள்,
பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரரைப் பார்த்தவள்போல.
பழத்தை மணலில் உருட்டி முள் போக்கித் தின்றாள்.
உதடெல்லாம் சிவப்பு.
"கல்லில் முளைத்த கள்ளி.
எங்கள் தலைநகரத்தின் பழைய பேரே அதுதான்."
நம்மூர்ச் செடி என்றல்லவா
அதுவரை நினைத்திருந்தேன்.

பனைமூட்டில் சுடலைமாடன்.
இடுப்புயர மண்பீடம்,
மேலே போகப் போகக் குறுகும், சுண்ணாம்பு அடித்தது.
"முகம்?"
கிடையாது.
"கண்?"
யாரும் பார்த்ததில்லை. அவர் பார்ப்பார்.

"எங்களவனுக்கு முகமுண்டு. ஒரு கால்தான் இல்லை.
பூமியைப் பிடிக்கக் காலைத் தூண்டிலாக விட்டான்,
கடலில் கிடந்த முதலை தின்றுவிட்டது.
அந்த இடத்தில் கறுப்புக் கண்ணாடி. புகையும்.
இரவு, காற்று என்றும் அவனைக் கூப்பிடுவார்கள்.
கப்பலில் வந்தவர்கள் எங்கள் சாமிகளின் மூக்கை உடைத்து
மண்ணில் புதைத்து, மேலே கோயில் கட்டினார்கள்.
உங்களவனுக்கு உடைக்க மூக்கே இல்லை.
கெட்டிக்காரன்."

யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினாள்.
ரெண்டாம் எட்டில் ஸ் என்றாள்.

குவார்ட்டர் பாட்டில் சில்லு.
கொடைக்கு வந்தவன் எவனோ போட்டது.
பெருவிரல் ரத்தம் சொட்டியும்
தேரி நிறம் மாறவில்லை.
நான் கர்ச்சீப்பைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.
அவளோ சில்லை வெயிலுக்கு நேரே பிடித்து
உடைந்த விளிம்பில் சிப்பி வரி எண்ணினாள்.
"இதற்கும் நேரம் கிடைக்கவில்லை, பார்."

திங்கட்கிழமை அதையும் அரைத்தேன்.
முப்பது மைக்ரான். திருப்பினேன். கறுப்பு.
லேபிளில் இடம் எழுதினேன், தேதி எழுதினேன்.
பொருள் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

முப்பிடாதியக்கா குனிந்து ஒரு கண்ணால் பார்த்தாள்.
"ஒண்ணுந் தெரியலியே,
லைட்டு போடலியா?"

போட்டுத்தான் இருந்தது.